நெடுமாறன் அவையும் நம் அறமும்

பாண்டிய மன்னர்களுள் நம் குடும்பங்கள் பெயர் சொல்லத் தயங்கும் மன்னன் ஒருவன் உண்டு. சைவ உலகம் அவனை நின்றசீர் நெடுமாறன் எனப் போற்றி, 63 நாயன்மார்களுள் ஒருவனாக வைத்து வணங்குகிறது. பொதுமக்கள் அவனைக் கூன்பாண்டியன் என்பர். நமக்கோ அவன், மதுரையில் 8000 சமண முனிவரைக் கழுவேற்றியவன் என்ற அளவிலேயே அறிமுகமானவன். நெடிய வாழ்வொன்றை ஒரு நாளின் செயலாகச் சுருக்கிக்கொண்டோம். அந்நாளுக்கு முன்னர் அவன் நம்மவனாக இருந்தான் என்பதையும், நம் முனிவரைக் குருமாராகக் கொண்டு அவர்தம் சொற்படி நடந்தான் என்பதையும் நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அருகன் திருவடியை வணங்கும் குடும்பங்கள் ஒன்றுகூடும் இவ்விழா நாளில், அவன் வரலாற்றை இருபுறமும் நோக்குதல் நமக்கு நன்மை பயக்கும்.

குலமும் கொற்றமும்

களப்பிரர் ஆட்சியை அகற்றிப் பாண்டியர் கொற்றத்தை மீண்டும் நிலைநாட்டியவன் கடுங்கோன். அது கி.பி. 6ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலம். கடுங்கோனின் மகன் மாறவர்மன் அவனிசூளாமணி. அவனுடைய மகன் செழியன் சேந்தன். சேந்தனின் மகனாகச் செப்பேடுகள் கூறும் அரிகேசரி மாறவர்மனையே நெடுமாறன் என வரலாற்றறிஞர் பெரும்பாலோர் கொள்வர். 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டிய நாட்டைப் பேரரசாக வளர்த்தவன் அவன்.

நெடுமாறன் போரில் வல்லவன். நெல்வேலிப் போரில் அவன் பெற்ற வெற்றியை வேள்விக்குடிச் செப்பேடு பாராட்டுகிறது. சுந்தரரும் திருத்தொண்டத்தொகையில் அவனை நெல்வேலி வென்றவனாகவே அடையாளம் காட்டுகிறார். அந்நெல்வேலி நம் தென்பாண்டி நாட்டுத் திருநெல்வேலியா, வேறோர் ஊரா என்பது அறிஞரிடையே வழக்கில் உள்ள வினா. அவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு எழுந்த பாண்டிக்கோவை கோட்டாறு, விழிஞம், செந்நிலம், பாழி முதலிய பல களங்களை அவன் புகழுக்குரியனவாகச் சொல்கிறது. இரணியகருப்பம், துலாபாரம் ஆகிய பெருங்கொடைகளை அவன் நிகழ்த்தியதையும் செப்பேடுகள் குறிக்கின்றன. அவன் தேவி மங்கையர்க்கரசியார் சோழர் குலத்தில் பிறந்தவர். சைவப் பற்று மிக்கவர். அமைச்சர் குலச்சிறையார் மணமேற்குடியைச் சேர்ந்தவர்; அவரும் சிவனடியவர். அரசனோ அருக சமயத்தைச் சார்ந்தவனாக இருந்தான் என்பது சேக்கிழார் தரும் செய்தி. ஓர் அரண்மனைக்குள் இரு சமயங்கள் குடியிருந்தன. அரியணை மட்டும் நம் பக்கம் இருந்தது.

கற்படுக்கையிலிருந்து அவைக்களம் வரை

நம் முனிவர் மதுரைக்கு வந்தது நெடுமாறன் காலத்தில் அன்று. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் தமிழ் பிராமி எழுத்துகளோடு கூடிய கற்படுக்கைகள் கிறித்து பிறப்பதற்கு முன்னரே அமைந்துவிட்டன. மாங்குளம் குன்றில் உள்ள கல்வெட்டுகள் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனின் காலத்தில் கணி நந்தாசிரியர் என்னும் முனிவருக்கு உறையுள் அமைத்துக் கொடுத்ததைச் சொல்கின்றன. அங்கே அரசனைச் சார்ந்தவரும் கொடுத்தனர். வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினரும் கொடுத்தனர். கொடுக்கப்பட்டது யாது என்பதே கருதத்தக்கது. வெயிலும் மழையும் படாமல் உடலைக் கிடத்துவதற்கு ஒரு கல். அவ்வளவே. அக்கொடையைப் பெற்ற முனிவர் எவருக்கும் கடன்பட்டவராக வேண்டியதில்லை. மறுநாள் அவர் வேறு குன்றுக்குச் சென்றாலும் அக்கல் அங்கேயே கிடக்கும்.

காலம் செல்லச் செல்ல நிலை மாறிற்று. கி.பி. 470ஆம் ஆண்டளவில் வச்சிரநந்தி என்னும் ஆசாரியர் தென்மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவினார் என்று தேவசேனர் தம் தரிசனசாரத்தில் எழுதுகிறார். 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தேவசேனரும் திகம்பர ஆசாரியரே. அவர் அச்சங்கத்தாரைப் பாராட்டி எழுதவில்லை. வேளாண்மையாலும் வாணிகத்தாலும் வாழ்ந்தனர், குளிர்ந்த நீரில் நீராடினர் என அடுக்கடுக்காகக் குறை கூறுகிறார். ஒரு சங்கத்தார் மற்றொரு சங்கத்தாரைப் பற்றிக் கூறும் குற்றச்சாட்டு இது. ஆகவே அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எனினும், துறவியர் பள்ளிகள் நிலமும் பொருளும் உடையனவாக வளர்ந்த காலத்தில், அவ்வளர்ச்சி மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்திற்குப் பொருந்துமா என்ற கவலை நம் ஆசாரியர்களிடமே இருந்தது என்பதற்கு அது சான்று.

நிலம் உண்டானால் அதனைக் காக்க அரசன் வேண்டும். அரசன் காத்தால் அவன் அவையில் இடம் வேண்டும். இடம் கிடைத்தால் அவ்விடத்தைப் பிறர் கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கற்படுக்கையில் படுத்த மரபினர் அவைக்களத்திற்கு வந்த வழி இவ்வாறுதான் இருந்திருக்க வேண்டும்.

மதுரையில் நிகழ்ந்தது

மதுரையில் நிகழ்ந்ததாகப் பெரிய புராணம் கூறுவதைச் சுருக்கமாகக் காண்போம். அந்நூல் 12ஆம் நூற்றாண்டினது. நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகள் பிற்பட்டது. வென்ற சமயத்தாரின் நூல் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் திருமறைக்காட்டில் தங்கியிருந்த திருஞானசம்பந்தரை மதுரைக்கு அழைத்தனர். அவர் வந்து ஒரு மடத்தில் தங்கினார். அதனைக் கேட்ட சமண முனிவர் அரசனிடம் சென்று முறையிட்டனர். மந்திரத்தால் அம்மடத்திற்குத் தீயிட இசைவு வேண்டினர். அரசன் இசைந்தான். மந்திரம் பலிக்காது போகவே, அவர்கள் இரவில் தாமே தீ வைத்தனர். அத்தீ வெப்பு நோயாக அரசனைப் பற்றிற்று. முனிவர் மயிற்பீலியால் தடவியும் மந்திர நீர் தெளித்தும் நோய் தணியவில்லை. சம்பந்தர் திருநீறு பூசத் தணிந்தது.

பின்னர் அனல் வாதமும் புனல் வாதமும் நிகழ்ந்தன. தீயிலிட்ட ஏடுகளுள் சம்பந்தருடையது வேகாமல் நின்றது, நம்மவருடையது எரிந்தது. வைகையில் விட்ட ஏடுகளுள் நம்மவருடையது நீரோடு போயிற்று. சம்பந்தருடையது எதிர்த்துச் சென்று திருவேடகத்தில் நின்றது. தோற்றால் அரசன் தங்களைக் கழுவேற்றட்டும் என்று முனிவரே முன்னர்ச் சினத்தோடு சொல்லியிருந்தனர். அதன்படி அரசன் ஆணையிட்டான். குலச்சிறையார் நிறைவேற்றினார். சம்பந்தர் தடுக்காமல் வாளா இருந்தார். அரசனின் கூன் நிமிர்ந்தது. அவன் நின்றசீர் நெடுமாறன் ஆனான்.

ஏற்பதும் மறுப்பதும்

இக்கதையில் 8000 பேர் கழுவேறியதை வரலாற்று உண்மையாகக் கொள்வதற்குத் தடைகள் பல. சம்பந்தர் தம் பதிகங்களில் சமணரை வன்மையாகக் கடிந்து பாடியவர்; பதிகந்தோறும் பத்தாம் பாடலில் சமணரையும் பௌத்தரையும் மறுப்பதை ஏறத்தாழ ஒரு நெறியாகவே கொண்டவர். அவர் பாடல்களில் கழுவேற்றம் இல்லை. நெடுமாறனின் வெற்றிகளையும் கொடைகளையும் விரிக்கும் வேள்விக்குடிச் செப்பேட்டிலும் அச்செய்தி இல்லை. பிற்காலத்தில் நம்பியாண்டார் நம்பியின் நூல்களிலும் பெரிய புராணத்திலுமே அது வளர்ந்து நிற்கிறது. வரலாற்றறிஞர் நீலகண்ட சாத்திரியாரும் இதனை வரலாறாகக் கொள்ளவில்லை. இவற்றையெல்லாம் நாம் நன்கு அறிவோம். மேடைதோறும் சொல்லியும் வருகிறோம்.

ஆனால் அதே அளவுகோலை நமக்குச் சாதகமில்லாத இடத்திலும் வைத்தல் வேண்டும். கழுவேற்றத்தைப் பாடாத சம்பந்தர், மடத்தில் சமணர் இட்ட தீயைப் பாடியிருக்கிறார். அத்தீ பாண்டியனையே சென்று பற்றுக என்னும் கருத்தமைந்த பதிகம் திருவாலவாய்ப் பதிகங்களுள் உள்ளது. கழுவேற்றத்திற்கு 500 ஆண்டுகள் பிந்திய சான்று. தீக்கு அக்காலத்துச் சான்று. அது எதிரியின் வாக்குமூலமே என்று வாதிடலாம். வாதிட்டாலும், பொய்யெனத் தள்ளுவதற்குக் கழுவேற்றத்தைப் போல அது எளிதன்று.

அறநூல் கூறும் தீர்ப்பு

தீ வைத்தது உண்மையானால் அதன் குற்றத்தை எடுத்துரைக்க வேற்றுச் சமய நூல் எதுவும் வேண்டா. நம் அறநூல்களே போதும். துறவிக்குரிய மாவிரதங்கள் 5. அவற்றுள் முதலாவது கொல்லாமை. அதுவும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் காக்கப்பட வேண்டுவது. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்று வழிகளிலும் விலக்கப்பட வேண்டுவது. மண்ணையும் நீரையும் தீயையும் உயிருடையனவாகக் கண்டு அஞ்சி நடக்கும் துறவி, ஆள் உறங்கும் மடத்தருகே தீப்பந்தத்தோடு சென்றான் என்றால் அவன் முதல் விரதத்தையே இழந்தவன் ஆகிறான்.

தீ வைத்தது பொய்யேயானாலும் வினா தீர்ந்துவிடவில்லை. இல்லறத்தானுக்கு நம் நூல்கள் சிறிது இடங்கொடுக்கின்றன. கருதிச் செய்யும் கொலையை அவன் அறவே விடல் வேண்டும். அடுக்களையிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேரும் உயிர்க்கேட்டை இயன்ற அளவு குறைத்தால் போதும். ஆகவே ஓர் அரசன் சமணனாக இருந்துகொண்டே நாட்டைக் காக்கப் போரிடலாம். துறவிக்கு அந்த இடம் இல்லை. அரசன் அருகில் அமர்ந்து அவனுக்கு ஆலோசனை கூறும் துறவி, அரசன் வாங்கும் வரியிலும் ஓங்கும் வாளிலும் வழங்கும் தண்டத்திலும் உடன்படுதல் என்னும் வழியால் பங்கு பெறுகிறான். பல களங்களில் வாள் வீசிய மன்னனின் அவையில் நிலைத்த இடம் தேடிய முனிவர், தீப்பந்தத்தைத் தொடுவதற்கு முன்பே விரதத்தின் எல்லையில் நின்றுகொண்டிருந்தனர்.

வேறொரு சமயத்துச் சிறுவர் ஒருவர் ஊருக்கு வந்து தங்கியதற்கு, அநேகாந்தம் பயின்ற நெஞ்சு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு பொருளைப் பல பக்கமும் நோக்க வேண்டும் என்று உலகிற்குக் கற்பித்தவர் நாம். அச்சிறுவரோடு சொல்லால் வாதிட்டிருக்கலாம். அரசனிடம் சென்று முறையிட்டது, சொல்லின் மீது கொண்ட நம்பிக்கை குறைந்துவிட்டதைக் காட்டுகிறது. வாதத்தின் முடிவைக் கழுவிடம் ஒப்படைத்ததும் அதே குறையின் விளைவு. கழு என்னும் தண்டத்தை அவர்களே மொழிந்தார்கள் என்பது உண்மையாயின், கொலையை மொழியால் செய்வித்தவர் ஆகிறார்கள். கொல்லப்பட இருந்தவர் தாமே என்பதால் அக்குற்றம் நீங்கிவிடாது.

பல்லவ நாட்டிலும் இதே கதைதான். திருப்பாதிரிப்புலியூரில் நம் பள்ளியின் தலைவராக விளங்கிய தருமசேனர் சைவத்திற்கு மீண்டு திருநாவுக்கரசர் ஆனபோது, நம்மவர் பல்லவ மன்னனைக் கொண்டு அவரை நீற்றறையிலும் கடலிலும் இட்டதாகச் சேக்கிழார் கூறுகிறார். பின்னர் அம்மன்னனே மதம் மாறி, நம் பள்ளிகளை இடித்து அக்கற்களால் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்பதும் அவர் கூற்று. இரு நாடுகளிலும் கதையின் அமைப்பு ஒன்றே. எந்தக் கை நம் பொருட்டு ஓங்கியதோ அந்தக் கையே நம் மீது இறங்கியது. அரசனின் உள்ளம் மாறினால் அவனோடு சேர்ந்து படையும் கருவூலமும் ஆணையும் மாறிவிடும். அவற்றின் மீது கட்டப்பட்ட சமயம் ஒரே இரவில் தரைமட்டமாகும்.

மாறிய பின் நெடுமாறன்

மதம் மாறிய பின்னும் நெடுமாறன் நெடுங்காலம் ஆண்டான் எனச் சைவ மரபு சொல்கிறது. அவனும் தேவியும் அமைச்சரும் மூவருமே நாயன்மார் வரிசையில் இடம்பெற்றனர். ஒரே அரண்மனையிலிருந்து மூவர் அவ்வாறு போற்றப்பட்டது சைவத்திற்கு அரசு எவ்வளவு துணை செய்தது என்பதைப் புலப்படுத்துகிறது. மதுரை வாதத்திற்குப் பின் சம்பந்தர் பாண்டிய நாட்டுத் தலங்கள் பலவற்றை வழிபட்டார். நாம் வாழும் இத்தென்காசிப் பகுதிக்கும் வந்தார். நீர்நிலை என்று பொருள்படும் பெயர் பூண்ட இவ்விலஞ்சியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள குற்றாலத்தின் மீதும், அங்குள்ள குறும்பலாவின் மீதும் அவர் பாடிய பதிகங்கள் தேவாரத்தில் உள்ளன. அருவியையும் சாரலையும் வேங்கையையும் பலாவையும் கண்டு பாடிய இனிய தமிழ் அது. தமிழ் பயின்றவன் என்ற முறையில் அவற்றை நான் மாணவர்க்கு மகிழ்ந்தே கற்பித்திருக்கிறேன். பத்தாம் பாடலில் நம்மவர் மீதான கண்டனம் வருமிடத்திலும் தயங்கியதில்லை. எதிர்த்தவர் பாடலிலும் அழகு உண்டு என்று ஒப்புவதற்கு அநேகாந்தம் தடை சொல்லாது.

கழுகுமலை சொல்லும் செய்தி

அரசு கைவிட்டதும் தென்பாண்டி நாட்டில் நம் அறம் அழிந்துவிட்டதா? இல்லை என்பதற்குத் தென்காசியிலிருந்து சங்கரன்கோவில் வழியாகச் சென்றடையும் கழுகுமலை சான்று கூறும். நெடுமாறனின் கொள்ளுப்பேரன் பராந்தக நெடுஞ்சடையன். 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரியணை ஏறிய அவனைச் செப்பேடுகள் பரம வைணவன் என்கின்றன. அவன் சமணனல்லன். அவனுடைய ஆட்சிக் காலத்தில்தான் கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாக மலர்ந்தன. பார்சுவநாதரும் பாகுபலியும் அம்பிகையும் பத்மாவதியும் அங்கே காட்சி தருகின்றனர். உருவங்களின் கீழே வட்டெழுத்தில் அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

அப்பெயர்களை ஊன்றிப் படித்தல் வேண்டும். அரசன் ஒருவன் எழுப்பிய பெருங்கோயில் அங்கு இல்லை. பற்பல ஊரினர் ஆளுக்கொரு திருமேனியாகச் செய்வித்திருக்கின்றனர். தச்சரும் குயவரும் கொல்லரும் அவர்களுள் உண்டு. திருச்சாரணத்துக் குரத்தியார், மிழலூர்க் குரத்தியார் எனப் பெண்பால் ஆசிரியர்கள் பலர் பெயர்கள் உள்ளன. அவர்தம் மாணாக்கர் பெயர்களும் உள்ளன. இறந்துபோன உறவினரின் நலம் கருதிச் செய்விக்கப்பட்டவையும் உண்டு. வைணவ மன்னன் ஆண்டான். அருகே அதே பாறையில் சிவபெருமானுக்கு வெட்டுவான்கோயில் செதுக்கப்பட்டது. நம் குரத்தியார் தம் மாணாக்கர்க்கு அறம் உரைத்துக்கொண்டிருந்தனர். எவரும் எவரையும் எரிக்கவில்லை. அடுத்த நூற்றாண்டில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் சித்தன்னவாசல் அறிவர் கோயிலைப் புதுக்கியதும் இத்தொடர்ச்சியைச் சேர்ந்ததே.

அவைக்களத்தில் பெற்ற செல்வாக்கு ஒரு வெப்பு நோயோடு போயிற்று. குயவரும் தச்சரும் குரத்தியரும் கல்லில் எழுதியது 1200 ஆண்டுகள் கடந்தும் நிற்கிறது.

உரிமை வேறு, ஆதிக்கம் வேறு

அப்படியானால் நாம் அரசின் வாயிலையே மிதிக்கக் கூடாதா என்று கேட்கலாம். அவ்வாறு நான் கூறவில்லை. 1368ஆம் ஆண்டில் விசயநகர மன்னன் முதலாம் புக்கரிடம் நம்மவர் முறையிட்டனர். வைணவரால் தங்களுக்கு நேரும் இடையூறுகளைச் சொல்லிப் பாதுகாப்புக் கோரினர். மன்னன் இரு திறத்தாரையும் அழைத்து, இரு சமயத்திற்கும் வேறுபாடு பாராட்டாமல் ஒத்து வாழுமாறு உடன்பாடு செய்வித்தான். சிரவணபெளகொளக் கல்வெட்டு அதனைக் கூறும். நம் காலத்திலும் 2014ஆம் ஆண்டில் மைய அரசு சமணரை நாடளாவிய சிறுபான்மையினராக அறிவித்தது. இவை நியாயம் கேட்டுப் பெற்றவை. நெடுமாறன் அவையில் நம் முனிவர் கேட்டதாகச் சொல்லப்படுவது வேறு. தம் வழிபாட்டைக் காக்குமாறு அவர்கள் கேட்கவில்லை. பிறருடைய தங்குமிடத்தை அழிக்க இசைவு கேட்டனர். அரசை நாடும்போதெல்லாம் நாம் எதைக் கேட்கிறோம் என்பதை ஆராய்ந்தால் அறத்தின் எல்லை தெளிவாகும். அரியணைகள் இன்று இல்லை. ஆனால் ஆட்சியில் இருப்போரின் அருகில் நிற்பதே பெருமை என்றும், அவர் செய்வதையெல்லாம் வாய்மூடி ஏற்பதே பாதுகாப்பு என்றும் எண்ணும் மனம் எல்லாச் சமயத்தாரிடமும் இருக்கிறது. எண்ணிக்கையில் சிறிய நமக்கு அந்த ஆசை இன்னும் எளிதில் வரும்.

கழுவேற்றக் கதையைக் கேட்டு நம் பிள்ளைகள் வீட்டில் வந்து வினவுவர். அது வரலாறாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று சான்றோடு சொல்வோம். அத்துடன் நிறுத்தாமல் கதையின் முற்பகுதியையும் சொல்வோம். கற்படுக்கை ஒன்றே போதும் என்று வாழ்ந்த மரபினர் ஏன் அரண்மனைக்குச் சென்றனர், அங்கே எதனை இழந்தனர் என்பதை அவர்கள் அறியட்டும். பின்னர் ஒரு விடுமுறை நாளில் அவர்களைக் கழுகுமலைக்கு அழைத்துச் செல்வோம். பாறையில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகக் காட்டி, நம் அறத்தைக் காத்தவர் இவர்கள் என்று சொல்வோம்.